பைப் புகையிலைக்கு ஊறுகாய் ஜாடி போதும்

கேட்டவர் அட்லாண்டாவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். இரண்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை பைப் பிடிக்கிறார். பிடித்த கலவைகள் கடையிலிருந்து ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்து, மூன்று கிலோ வாங்கிப் பத்து வருடம் பழசாக்கி வைக்கலாம் என்று நினைக்கிறார். சுருட்டு வைக்கும் ஈரப்பதப் பெட்டியான ஹியூமிடார் வாங்கவா, காற்றை உறிஞ்சும் மெஷின் வாங்கவா, ஃபிரிட்ஜில் வைக்கலாமா, பாதியைச் சென்னையில் அம்மா வீட்டில் வைத்தால் என்ன என்பவை அவருடைய கேள்விகள்.

சுருக்கமான பதில்: ஹியூமிடார் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம், சென்னையும் வேண்டாம். இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி ஜாடி, வெயில் படாத ஓர் அலமாரித் தட்டு, அடிக்கடி திறந்து பார்க்காத கை. இவ்வளவுதான். ஏன் என்பதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் இருக்கிறேன். 2006இலிருந்து ஜாடி போட்டு வைக்கிறேன். சொந்த ஊர் வேடசந்தூர்ப் பக்கம். தாத்தா மெல்லும் புகையிலை வியாபாரம் செய்தவர். அவருக்குப் பைப் என்றால் தண்ணீர் பைப்தான். ஆனாலும் நான் இங்கே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதில் பாதியை அவர் கடையிலேயே கண் திறந்து பார்த்திருந்தால் கற்றிருக்கலாம்.

முதலில் ஹியூமிடார். இந்தக் குழப்பம் சுருட்டுக்காரர்களிடமிருந்து வருகிறது. சுருட்டு மேல் இலையோடு முழுசாக இருக்கும் பொருள். ஈரம் குறைந்தால் வெடிக்கும், கூடினால் ஊதும். அதனால் ஸ்பானிஷ் சீடார் மரப்பெட்டிக்குள் 65லிருந்து 70 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிறார்கள். அந்தப் பெட்டி மூச்சு விடும் பெட்டி. அதன் வேலையே அதுதான். பைப் புகையிலை நறுக்கியோ அழுத்தியோ வருவது. அதற்கு வேண்டிய ஈரத்தை ஆலையிலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். நம் வேலை அந்த ஈரமும் வாசனையும் வெளியே போகாமல் அடைத்து வைப்பது மட்டும். மரப்பெட்டியில் போட்டால் மரம் ஈரத்தைக் குடிக்கும், கைம்மாறாக சீடார் வாசனையைக் கொடுக்கும். ஆறு மாதத்தில் வர்ஜீனியா என்ற நல்ல புகையிலை பென்சில் சீவல் மாதிரி ஆகிவிடும். அதே காரணத்துக்காக ஜாடிக்குள் ஈரப்பதப் பொட்டலம் போடுவதும் வீண். மூடி சரியாக இருந்தால் அது தேவையில்லை. மூடி சரியில்லை என்றால் அதனால் பயனில்லை.

ஜாடி என்று நான் சொல்வது இங்கே எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் மேசன் ஜாடி. ஜான் லேண்டிஸ் மேசன் 1858இல் காப்புரிமை வாங்கிய திருகு மரை ஜாடியின் வாரிசு. தட்டையான உலோக மூடி ஒன்று, அதை இறுக்கிப் பிடிக்கும் வளையம் ஒன்று என்று இரண்டு துண்டாக வரும். பழம், காய், ஊறுகாய் போட்டு வருடக்கணக்கில் வைப்பதற்காகவே செய்தது. ஒரு டஜன் ஜாடியின் விலை இருவர் வெளியே சாப்பிடும் மதியச் சாப்பாட்டைத் தாண்டாது. ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் உள்ள ஐரோப்பிய ஜாடிகளும் நல்லவைதான், பார்க்கவும் அழகு. ஆனால் ரப்பர் சில வருடத்தில் இறுகி வெடிக்கும். அப்போது யார் உட்கார்ந்து மாற்றுவது? அதனால் எனக்கு மேசன்தான்.

எட்டு அவுன்ஸ் ஜாடியில் ஏறக்குறைய 55 கிராம் புகையிலை பிடிக்கும், அதாவது ஒரு டப்பா. பைண்ட் ஜாடியில் அதைப் போல இரண்டு பங்கு. பெரிய ஜாடி வாங்காதீர்கள் என்பது என் கட்சி. காரணம் எளிது: திறந்த ஜாடி திறந்ததுதான். பத்து வருடம் அடைத்து வைத்ததை ஒரு கிண்ணத்துக்காக, அதாவது பைப்பில் ஒரு தடவை அடைக்கும் அளவுக்காக, திறந்தால் உள்ளே புதுக்காற்று போகிறது, சேர்ந்திருந்த வாசனை பறக்கிறது. அரைக் கிலோ ஜாடி என்றால் அதை முடிக்க உங்களுக்கு இரண்டு வருடம் ஆகும். கடைசியில் பிடிப்பது பழைய புகையிலையின் சக்கை. சிறிய ஜாடி என்றால் ஒன்றைத் திறந்து இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடலாம், மற்றவை தூங்கும்.

ஜாடியைக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, முழுசாகக் காயவிடுங்கள். இங்கேதான் நான் முதல் அடி வாங்கினேன். 2008இல் ஆறு ஜாடியைக் கழுவித் துணியால் துடைத்து உடனே நிரப்பிவிட்டேன். மரைக்குள் தங்கியிருந்த ஈரம் கண்ணுக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு ஜாடியில் பூஞ்சை. எங்கள் பாட்டி ஆவக்காய் போடும் நாளில் ஜாடியைத் தேய்த்து இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைப்பார், ஈரக் கையோடு கிட்டே போனால் கரண்டியால் ஓர் அடி விழும். அந்த அடியை வாங்கி வளர்ந்தவன் இந்தத் தப்பைச் செய்தேன். இப்போது ஜாடியை மூடி இல்லாமல் ஓர் இரவும் ஒரு பகலும் மேசையில் வைத்த பிறகுதான் புகையிலையைத் தொடுகிறேன். சிலர் நிரப்பிய ஜாடியை அடுப்பில் சூடாக்கி, மூடியை வெற்றிடமாக இழுத்துக்கொள்ள வைப்பார்கள். அது தேவையில்லை. இலையைச் சமைத்துவிடும்.

நிரப்பும்போது லேசாக அழுத்தி, கழுத்துவரை நிரப்பி, மேலே ஒரு விரல் கனம் இடம் விட்டு மூடுங்கள். இடி இடியென்று இடிக்க வேண்டாம், தளர்வாகவும் விட வேண்டாம். அந்தக் கொஞ்சக் காற்று உள்ளே இருக்கட்டும். முதல் சில மாதங்களில் நடக்கும் மாற்றங்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் காற்றை உறிஞ்சும் மெஷினை வேண்டாம் என்றேன். உறிஞ்சிய பையில் புகையிலை கெடாது, ஆனால் அப்படியே உறைந்து நின்ற மாதிரி இருக்கும். நீங்கள் கேட்டது பாதுகாப்பது மட்டுமல்ல, பழசாக்குவதும்தானே. போதாக்குறைக்கு அந்தப் பையின் பிளாஸ்டிக்கில் சில வருடத்தில் வாசனையும் ஈரமும் மெதுவாகக் கசியும். சாதாரண ஜிப் பை அதைவிட மோசம். மொத்தமாக வாங்கும்போது புகையிலை வரும் பையில் ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

அதற்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் கேஸ்வெல் கவுண்டி. 1839இல் அங்கே அபிஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில் ஸ்டீபன் என்ற அடிமை இளைஞர் புகையிலை பாடம் போடும், அதாவது பச்சை இலையைப் பதமாக்கிக் காயவைக்கும், கொட்டகையில் இரவுக் காவல் இருந்தார். கண் அசந்துவிட்டார், நெருப்பு அணையப் போனது. பதறிப்போய்க் கொல்லுப்பட்டறைக் கரியை அள்ளிப் போட, திடீரென்று வந்த புகையில்லாச் சூட்டில் இலை பளிச்சென்ற மஞ்சளாக மாறியது. பிற்பாடு கரிக்குப் பதிலாக உலோகக் குழாய் வழியே சூட்டை மட்டும் கொட்டகைக்குள் விடும் முறை வந்தது. இன்று நாம் வர்ஜீனியா என்று சொல்லும் பைப் புகையிலை இப்படிச் சூட்டில் பாடம் போட்டதுதான். முதலில் மிதமான சூட்டில் இலை மஞ்சளாகும்போது அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிறது. பிறகு சூட்டைப் படிப்படியாக 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றிக் காம்புவரை காய வைக்கிறார்கள். சர்க்கரை அப்படியே இலையில் பூட்டிக்கொள்கிறது. நல்ல வர்ஜீனியா இலையின் எடையில் பதினைந்து இருபது சதவீதம் சர்க்கரை இருக்கும்.

அந்தச் சர்க்கரைதான் முதிர்வின் மூலதனம். வருடக்கணக்கில், சாதாரண அறைச் சூட்டில், அது இலையின் அமினோ அமிலங்களோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து நிறம் கறுக்கிறது, மணம் மாறுகிறது. மயார் வினை என்பார்கள். தோசை முறுகுவதும் அதே வினைதான், அங்கே நிமிடங்களில் நடப்பது இங்கே வருடங்களில் நடக்கிறது. புதுப்புளி செம்பழுப்பாக இருந்து அடுத்த வருடம் கறுப்பாகிறதே, அதைப் பார்த்தவருக்குப் பழைய வர்ஜீனியாவின் நிறம் புதுசாக இருக்காது. இதோடு நுண்ணுயிர்கள் செய்யும் மெல்லிய நொதித்தலும் உண்டு. காரமான அமோனியா வாடை குறைகிறது. கலவையில் தனித்தனியாகத் துருத்திக்கொண்டிருந்த இலைகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. புதிதாக வாங்கிய வர்ஜீனியா வைக்கோல் போரின் மணத்தில் இருக்கும், வேகமாக இழுத்தால் நாக்கைக் கடிக்கும். ஒரு வருடத்தில் கடி குறையும். ஐந்து வருடத்தில் உலர் திராட்சை வாசனை. பத்து வருடம் தாண்டிய என் ஜாடிகளில் பேரீச்சையும் கருப்பட்டியும் கலந்த மாதிரி ஒன்று வருகிறது. அதற்கு மேலும் நல்லதாகுமா என்றால், பதினைந்துக்கு மேல் வைத்திருக்கும் ஒன்றிரண்டு ஜாடியை வைத்துச் சொல்கிறேன்: மென்மையாகிறது, ஆனால் ஏதோ ஒரு சுறுசுறுப்பு போய்விடுகிறது.

மென்மை என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்த மென்மை நாக்குக்கு மட்டும்தான். நிக்கோட்டினும் இருக்கிறது, புற்றுநோய் ஆபத்தும் இருக்கிறது. பழைய புகையிலை உடம்புக்குப் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழசாக்குவது இங்கே பொழுதுபோக்குக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. டர்ஹம் நகரத்தில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் செங்கல் கிடங்குகளைப் பார்த்திருப்பீர்கள், இப்போது உணவகமும் அலுவலகமுமாக மாறிவிட்டன. ஆலைகள் ஆயிரம் பவுண்டு பிடிக்கும் பெரிய மரப்பீப்பாய்களில் இலையை அடைத்து இரண்டு மூன்று வருடம் இந்த மாதிரிக் கிடங்குகளில் கிடத்திய பிறகுதான் வெட்டவே எடுப்பார்கள். நாம் வாங்கும் டப்பா அதற்கு அப்புறம் வருவது. நாம் செய்வது இரண்டாம் சுற்று.

இதிலிருந்து அடுத்த கேள்விக்கும் பதில் கிடைக்கிறது: எதை வாங்கி வைப்பது? சர்க்கரை உள்ளதை வாங்குங்கள். வர்ஜீனியாதான் முதல், அதிலும் அழுத்தித் தகடாக வெட்டிய ஃபிளேக். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்தில் 1792இலிருந்து நடக்கும் சாமுவேல் காவித் செய்யும் ஃபுல் வர்ஜீனியா ஃபிளேக் மாதிரியானவை இதற்கென்றே பிறந்தவை. வாங்கும்போது ஈரமாக, கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஐந்து வருடம் கழித்து அதே பெயரை நம்ப முடியாது. அடுத்தது வர்ஜீனியாவோடு பெரிக் சேர்ந்த கலவைகள். பெரிக் என்பது லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷில் விளையும் இலையை விஸ்கிப் பீப்பாயில் திணித்து, திருகுப் பளுவால் நசுக்கி, தன் சாற்றிலேயே ஏறக்குறைய ஒரு வருடம் ஊறவிட்டு எடுப்பது. நம் ஊர் மாவடு போலப் புளிப்பும் காரமும். வருடம் ஏற ஏற அந்தக் காரம் வர்ஜீனியாவுக்குள் கரைந்து அத்திப்பழம் மாதிரி ஒன்று வரும். என் அலமாரியில் பாதிக்கு மேல் இவைதான்.

லட்டாக்கியா சேர்ந்த ஆங்கிலேயக் கலவைகள் வேறு விதம். சைப்ரஸில் பைன் போன்ற மரம் செடி எரித்த புகையில் பாடம் போடும் கறுப்பு இலை அது. அதன் உயிர் புகை வாசனை. அந்த வாசனை காலத்தோடு மங்கும். நாலைந்து வருடத்தில் கலவை நன்றாகச் சேர்ந்து ஓர் உச்சத்தைத் தொடும், அப்புறம் தணியும். புகை மூக்கில் ஏற வேண்டும் என்பவர் இளசாகவே பிடித்துவிடுவது நல்லது. பர்லி இலையில் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை, காற்றில் உலர்த்தும்போதே தீர்ந்துவிடும். வைத்தால் கெடாது, பெரிதாக மாறவும் மாறாது. வெனிலா, செர்ரி, சாக்லேட் வாசனை ஏற்றிய கலவைகளை வைத்துக் காத்திருப்பது வீண் வேலை. மேலே தெளித்த வாசனைதான் முதலில் போகும். பிறகு மிஞ்சுவது ஈரம் மட்டும். அதைவிட ஒன்று, அந்த வாசனை மூடியில் ஏறிவிட்டால் இறங்காது. செர்ரி இருந்த ஜாடியைக் கழுவி வர்ஜீனியாவுக்குப் பயன்படுத்தலாம், மூடியை மட்டும் புதுசு போடுங்கள். கெண்டல் பக்கத்து ரோஜா, சோப்பு வாசனைக் கலவைகளுக்கும் இதே சட்டம்.

ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும்? டப்பாவிலிருந்து வந்தபடியே ஜாடியில் போடுங்கள், அவ்வளவுதான். பிடிக்கும் நேரத்துக்கு அது பெரும்பாலும் அதிக ஈரமாகத்தான் இருக்கும். அதைக் காயவைப்பது பத்து வருடம் கழித்து, கிண்ணத்தில் அடைப்பதற்கு அரை மணி முன்பு செய்யும் வேலை. இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள்: நசுக்கிய இடம் மெல்ல விரிந்தால் சரி, கட்டியாகவே நின்றால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது. விரலில் தண்ணீர் ஒட்டுகிற அளவுக்கு ஈரமாக வந்தால் மட்டும் ஒரு தட்டில் பரப்பி ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுப் போடுங்கள். நீங்களாகத் தண்ணீர் தெளிக்காதீர்கள். காய்ந்த புகையிலைக்கு ஆப்பிள் துண்டு போடு, உருளைக்கிழங்குத் தோல் போடு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது பூஞ்சைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. காய்ந்துபோனதை மீட்க வேண்டுமென்றால் அகலமான கிண்ணத்தில் போட்டு, வாய்க்கு மேல் ஈரத்துணியைப் புகையிலையில் படாமல் கட்டி, சில மணிக்கொரு முறை கிளறிவிடுங்கள்.

வெள்ளை விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் முதல் தடவை பார்க்கும் எவரும் பயந்து தூக்கிப் போடுவார்கள். பல வருடம் கிடந்த ஃபிளேக்கின் மேல் உப்புத் தூவினாற்போலச் சின்னப் படிகங்கள் பூக்கும். விளக்கருகே சாய்த்தால் மினுக்கும், தொட்டால் நறநறக்கும், வாசனை இனிமையாகவே இருக்கும். இது நல்ல சகுனம். பூஞ்சை அப்படியல்ல: பஞ்சு மாதிரி, நூல் நூலாக, சாம்பலோ பச்சையோ கலந்து, இலைக்கு இலை பாலம் கட்டும், மூடியைத் திறந்ததும் நனைந்த சாக்கு நாற்றம் வரும். சந்தேகம் வந்தால் மூக்கை நம்புங்கள். பூஞ்சை என்றால் அந்த ஜாடி முழுவதும் குப்பைக்கு, மேலாக்கில் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிடிக்கும் சாமர்த்தியம் வேண்டாம். என் முதல் படிகத்தை நானும் பூஞ்சை என்று நினைத்து ஊருக்குத் தொலைபேசியில் புலம்பினேன். மறுமுனையில் சித்தப்பா சிரித்தார். எங்கள் பக்கம் மெல்லும் புகையிலையில் இலை கறுத்து மேலே வெள்ளை பூத்திருந்தால்தான் நல்ல சரக்கென்று விலை பேசுவார்கள். தாத்தா கடையில் அதை நானே பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

எங்கே வைப்பது? இருட்டு வேண்டும், சூடு ஏறி இறங்காத இடம் வேண்டும். பதினெட்டிலிருந்து இருபத்துநாலு டிகிரி செல்சியஸ் போதும், அதாவது நீங்கள் ஏசியை எதில் வைக்கிறீர்களோ அது. உங்களுக்கு அடுக்குமாடி வீடு என்பதால் துணி அலமாரியின் கீழ்த்தட்டு அருமையான இடம். தனி வீட்டுக்காரர்கள் செய்யும் தப்புகள் மூன்று. கார் கொட்டகை, கோடையில் அடுப்பு. மேல்மாடத்து அட்டாலி, அதைவிடப் பெரிய அடுப்பு. வீட்டுக்கு அடியில் இருக்கும் தவழும் இடைவெளி, எங்கள் கரோலினா வீடுகளின் சாபம், மூடி துருப்பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் எல்லா வினையும் தூங்கிவிடும். வெளியே எடுக்கும்போது வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும். சூடு ஏற்றினால் சீக்கிரம் பழசாகும் என்று ஜாடியை அடுப்புப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் ஆட்களும் உண்டு. நானும் ஒரு தடவை பார்த்தேன். நிறம் கறுத்தது. பழுக்கவில்லை, வெந்தது.

திறக்காத டப்பாவை அப்படியே வைக்கலாமா? வட்ட டப்பா, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி அடைத்தது என்றால் தாராளமாக, பல வருடம். மூடியை விரலால் அழுத்தினால் டொக் டொக்கென்று ஆடக் கூடாது. வர்ஜீனியா டப்பா சில சமயம் உள்ளே வாயு சேர்ந்து லேசாக உப்பும். துரு இல்லையென்றால் கவலை வேண்டாம். சதுர டப்பாக்களை மட்டும் நம்பாதீர்கள். மூலையில் அடைப்பு விடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆறு வருடம் பொத்திப் பொத்தி வைத்த ஒரு சதுர டப்பாவைப் பிறந்த நாளன்று திறந்தேன். உள்ளே சருகு. அன்றிலிருந்து சதுர டப்பா வீட்டுக்கு வந்தால் அதே வாரம் ஜாடிக்கு மாறிவிடும்.

ஜாடியில் பெயரும் தேதியும் எழுதுங்கள். கலவையின் பெயர், டப்பாவில் போட்ட தேதி தெரிந்தால் அது, நீங்கள் ஜாடியில் போட்ட தேதி. நினைவிருக்கும் என்று நினைப்பீர்கள். மூன்றாவது வருடம் எல்லா ஜாடியும் ஒரே மாதிரி இருக்கும். நான் சுருக்கெழுத்தில் மூன்றெழுத்தும் எண்ணும் மட்டும் எழுதி வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த மாமியார், மருமகன் ஏதோ நல்ல டீத்தூள் பதுக்கி வைத்திருக்கிறான் என்று ஏழு வருட ஜாடி ஒன்றைத் திறந்து இரண்டு கரண்டி கொதிநீரில் போடப் போய்விட்டார். மணம் பார்த்துச் சந்தேகப்பட்டு என் மனைவியைக் கூப்பிட்டதால் தப்பித்தோம். சிரிப்பாகத்தான் இப்போது சொல்கிறோம், ஆனால் புகையிலையைக் கொதிக்க வைத்த நீர் ஆளைக் கொல்லக்கூடியது. இப்போது ஒவ்வொரு ஜாடியிலும் தமிழில் பெரிதாகப் புகையிலை என்று எழுதியிருக்கிறது, தட்டும் பூட்டோடு இருக்கிறது. குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே செய்யுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதில் கொஞ்சம் கணக்குப் போடுவோம். கிண்ணத்துக்கு இரண்டரை கிராம், வாரம் இரண்டு என்றால் ஐந்து கிராம். வருடத்துக்கு 260 கிராம். மூன்று கிலோ உங்களுக்குப் பதினொரு வருடத்துக்கு மேல் வரும். உங்கள் பயம் எனக்குப் புரியாமலில்லை. 2016 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதிகள் பைப் புகையிலைக்கும் நீண்டபோது நாங்கள் எல்லாரும் பைத்தியம் பிடித்தாற்போல வாங்கினோம். 2018இல் கன்சாஸ் சிட்டியின் மெக்லெலண்ட் புகையிலை நிறுவனம் மூடப்பட்டது, அதே காலத்தில் டன்ஹில் பெயரில் வந்த பைப் புகையிலையும் நின்றது. பல கலவைகள் பீட்டர்சன் பெயரில் திரும்பி வந்தன என்பது வேறு கதை. 2024இல் டென்மார்க்கின் மாக் பாரன் புகையிலை நிறுவனத்தை ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குழுமம் வாங்கியதும் மறுபடி அதே ஓட்டம். அந்த ஓட்டங்களில் நான் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு இன்று எனக்குப் பிடிக்கவில்லை. என் ருசி மாறிவிட்டது. இரண்டு வருடம் பிடித்தவரின் ருசியும் மாறும். அதனால் மூன்று கிலோவை ஒரே மூச்சில் வாங்காமல், பிடித்த நாலு கலவையில் இந்த வருடம் ஒவ்வொன்றும் நாலு ஜாடி போடுங்கள். அடுத்த வருடம் ஒவ்வொன்றிலும் ஒன்றைத் திறந்து பாருங்கள். நன்றாக மாறுகிறவற்றை மட்டும் மேலும் வாங்குங்கள். வருடா வருடம் போட்டால் ஆறாவது வருடத்திலிருந்து எப்போதும் ஐந்து வருடப் பழசு ஒன்று கையில் இருக்கும்.

கடைசியாகச் சென்னை. முதல் தடை சுங்கம்: இந்தியாவுக்குள் வரும் பயணிக்குத் தீர்வையில்லாமல் 125 கிராம் புகையிலைதான், ஒன்றரைக் கிலோ அல்ல. அதை விட்டாலும், இங்கே அமெரிக்காவில் எழுதப்படும் யோசனைகள் பலவும் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டுக் காய்ந்த வீட்டுக்கு எழுதியவை. அங்கே பயம் புகையிலை காய்ந்துபோவது. சென்னையில் காற்றே ஈரம்; திறந்த நிமிடத்தில் ஈரம் உள்ளே வரும், கடல் காற்றில் டப்பாவும் மூடி வளையமும் துருப்பிடிக்கும், வருடத்தில் பாதி மாதம் முப்பது டிகிரிக்கு மேல். பூச்சியும் உண்டு. மஞ்சளிலும் மல்லியிலும் மிளகாய் வற்றலிலும் ஓட்டை போடும் அந்தச் சின்னப் பழுப்பு வண்டு இருக்கிறதே, அதற்கு சிகரெட் வண்டு என்றே பெயர். புகையிலைதான் அதன் சொந்த வீடு. அம்மாவின் சமையலறைத் தட்டில் ஜாடி மூடி கொஞ்சம் தளர்ந்தால் போதும். கட்டாயம் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு டப்பாவை எட்டு அவுன்ஸ் ஜாடியில் இறுக்கி, உள்ளறை பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். பட்டுப்புடவைத் தட்டில் மட்டும் வேண்டாம். புடவையில் லட்டாக்கியா ஏறினால் அப்புறம் நீங்கள் ஊருக்கே போக முடியாது.